மீண்டது நாற்பத்தொன்று

லிம் சூ காங்கில் இரவு முழுக்க மழை.
காலையில் மண் எடுத்தோம்:
கீரைப் பாத்தியில் ஒரு பை,
வேலிக்கு வெளியே லாலான் புல்லடியில் ஒரு பை,
சிமெண்டுத் தளம் பெயர்த்த
கோழிக்கொட்டகைத் தரையில் ஒரு பை.
தோட்டக்காரர் தியோ பின்னாலேயே வந்தார்,
ரப்பர் காலணி சளக் சளக்கென.
அவர் மாண்டரினில் கேட்டார்,
சியூ வென் ஆங்கிலத்தில் சொன்னாள்,
எனக்குள் அது தமிழில் விழுந்தது:
இந்த மண்ணுக்கு உசிர் இருக்கா?

ஐஸ்பெட்டி மூடியில் நேரம் எழுதினேன். 9.40.
கிராஞ்சி விரைவுச்சாலையில் லாரி நெரிசல்.
ஐம்பது நிமிடம்
பைக்குள் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்
கைக்காசைச் செலவழித்துக்கொண்டே வந்தது.
ஏ.டி.பி. என்பது அந்தக் காசு.
எந்த உயிரணுவும் அதைச் சேர்த்து வைப்பதில்லை.
பாக்டீரியாவும் பூஞ்சையும் நானும்
இந்த ஒரு விஷயத்தில் அன்றாடங்காய்ச்சிகள்.

ஆய்வகத்தில் சல்லடை, தராசு, அமிலம்.
அமிலம் பட்டால் உயிரணுச் சுவர் உடையும்,
உள்ளே இருப்பது வெளியே வரும்
என்கிறது செய்முறைத் தாள்.
களிமண் அந்தத் தாளைப் படித்ததில்லை.
வெளியே வந்ததை
கந்துவட்டிக்காரன்போல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கருவியில் ஊற்றுவது மின்மினியின் நொதி.
(பூச்சி எதுவும் சாகவில்லை,
பாக்டீரியாவில் வளர்த்து எடுக்கிறார்கள்.
நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன்.)
ஏ.டி.பி. எவ்வளவோ, அவ்வளவு வெளிச்சம்.
நிஜ மின்மினியை ஒரே ஒரு முறை
பாசிர் ரிஸ் அலையாத்திக் கரையில் பார்த்திருக்கிறேன்.
யாரோ கைப்பேசியைத் திறக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் ஓட்டம்.
ஒன்றுமே இல்லாத வெறும் நீர்க்குழாய் மின்னியது,
கொட்டகை மண்ணைவிடக் கூடுதலாக.
சியூ வென் என் கையைப் பார்த்தாள்.
கையுறை இல்லாமல் பெட்டியைத் திறந்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
அந்த வெளிச்சம் நான்.
விரல் நுனியில் கசிந்திருந்த நான்.
வெட்கமாக இருந்தது,
சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகவும்.
எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினேன்.

இரண்டாம் ஓட்டத்தில்
வெறும் நீர் அடங்கிவிட்டது.
கொட்டகை மண்ணும் ஏறக்குறைய அடங்கிவிட்டது.
மணி ஏழு.
செத்த மண் என்று எழுதிவிட்டுப்
பேருந்தைப் பிடித்திருக்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
மண்ணில் போட்டேன், அளந்து:
அளவு தெரிந்த ஏ.டி.பி., நூறு பங்கு.
அதே அமிலம், அதே குலுக்கல், அதே இருட்டு.
திரும்பி வந்தது நாற்பத்தொன்று.
இன்னொரு குழாயில் நாற்பது.
இன்னொன்றில் நாற்பத்திரண்டு.

மிச்சம் எங்கே என்று மண்ணைக் கேட்க முடியாது.
ஒளி என்றால் வெளிச்சம்,
ஒளி என்றால் பதுங்கு.
இந்தத் தரைக்கு இரண்டாம் பொருள்தான் பழக்கம்.
ஆனால் என் கண்ணெதிரே
கொடுத்ததில் எவ்வளவு பதுக்கியது என்று தெரிந்தால்,
நான் பாராத நாட்களில்
தன்னுடையதில் எவ்வளவு பதுக்கியிருக்கும்
என்று வகுத்துப் பார்க்கலாம்.
வகுத்தேன்.

நூற்றைந்து டிகிரி அடுப்பில் மறுநாள்வரை உலர்த்தி
நேற்றைய மழையின் எடையையும் கழித்தேன்.
கீரைப் பாத்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.
பூஜ்யமும் இல்லை.

தியோவுக்குத் தொலைபேசியில் சொன்னோம்.
எண்ணை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.
பிறகு கேட்டாராம்,
பின்னால் ஒட்டியிருக்கும்
அந்தக் கூட்டல் கழித்தல் குறி
மண்ணில் என்ன குறை என்று.

அது மண்ணோட குறை இல்லை,
எங்களோடது என்றேன்.
மாண்டரினில் அதைச் சொல்லி முடிக்க
சியூ வென்னுக்கு நெடுநேரம் பிடித்தது.